ராணுவ லாரி ஓட்ட திறனறித் தேர்வு எதற்கு? அதை ஏன் புதுப்பிக்கிறார்கள்?

லாரி ஓட்டத் தெரிஞ்சா போதாதா, ராணுவ டிரைவருக்கு எதுக்கு தேர்வு? பலருக்கும் வரும் சந்தேகம்தான். அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்க்கலாம்.

2010 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில், அந்நாட்டு தரைப்படையிலும் மரைன் படையிலும் போர்க்களத்துக்கு வெளியே நடந்த ராணுவ வாகன விபத்துகள் 3,753. இறந்த வீரர்கள் 123 பேர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2021-ல் வெளியிட்ட கணக்கு இது.

என்ன தேர்வு?

படையில் சேர 'ஆஸ்வாப்' தேர்வு எழுத வேண்டும். கணக்கு, மொழி, வாகன அறிவு, இயந்திர அறிவு எனப் பல பிரிவுகள் உண்டு. இவற்றிலிருந்து ஒவ்வொரு வகை வேலைக்கும் தனி மதிப்பெண் கணக்கிடுவார்கள். தரைப்படையில் லாரி டிரைவர் வேலைக்கு 'ஓஎஃப்' மதிப்பெண் 85 தேவை. சராசரி 100 என்பதால் இது எட்டாத உயரமில்லை. சமையல்காரருக்கும் இதே மதிப்பெண்தான் பார்க்கிறார்கள்!

ஏன் புதுப்பிக்கணும்?

வாகனம் மாறுது. கார்புரேட்டர் பற்றிய கேள்வி, மின்னணுக் கட்டுப்பாட்டு இன்ஜின் ஓட்டப்போகிறவரின் திறமையைச் சொல்லாது.

தேர்வு எழுதுபவர்களும் மாறுறாங்க. மதிப்பெண் என்பது மற்ற இளைஞர்களோடு ஒப்பிட்டுப் போடுவது. 1980-ல் எடுத்த மாதிரியே பல ஆண்டுகள் அளவுகோலாக இருந்தது. 2004 ஜூலையில்தான் 1997-ல் எடுத்த மாதிரிக்கு மாறினார்கள். அதற்கு முன், 2002-ல் வேகத்தைச் சோதிக்கும் 2 பிரிவுகள் நீக்கப்பட்டன.

அளவுகோல் தப்பினால்?

1976-ல் அறிமுகமான வினாத்தாள்களில் அப்படித்தான் ஆனது. ஒப்பீட்டுக் கணக்கில் பிழை. குறைந்த திறன் உள்ளவர்களுக்கும் மதிப்பெண் கூடுதலாக வந்தது. 1980-ல் சரிசெய்வதற்குள், தகுதி மதிப்பெண் எட்டாத 3 லட்சத்துக்கும் அதிகமானோர் படைகளில் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் அவர்களில் பலர் வேலையை நன்றாகவே செய்தார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. அதாவது, அளவுகோல் தவறினால் தகுதியில்லாதவர் உள்ளே வரலாம். மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் நல்ல டிரைவர் வெளியே நிற்கலாம்.

தேர்வு மட்டும் போதுமா?

போதாது. அதே தணிக்கை அறிக்கை, விபத்துகளுக்கு அடிக்கடி காரணமாகச் சொன்னவை: டிரைவரின் கவனக்குறைவு, மேற்பார்வைக் குறைபாடு, பயிற்சிக் குறைபாடு. இதில் மேற்பார்வையும் பயிற்சியும், ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு ராணுவம் செய்ய வேண்டிய வேலை.