தஞ்சைக் குடிகள் நம்பிய பாதிரியார்

சமயத் தொண்டர் ஒருவரின் பெருமையை அவர் திருமுழுக்களித்தோரின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். சுவார்ட்சு ஐயரை அவ்வாறு அளந்தால் கதையின் பாதிதான் கிட்டும். அவரிடம் திருமுழுக்குப் பெறாத மக்களும் அவர் சொல்லை நம்பினர் என்பதே வரலாற்றில் நின்று நோக்கத்தக்கது.

செருமானிய நாட்டில் சோனன்பர்க்கு என்னும் ஊரில் 1726-இல் பிறந்த கிறித்தியன் பிரடெரிக் சுவார்ட்சு, ஆல் நகரில் பயிலும்போதே தமிழைத் தொடங்கிவிட்டார். 1750-இல் தரங்கம்பாடியில் கால் வைத்து, அவ்வாண்டு முடியுமுன்னரே தமிழில் சமய உரை நிகழ்த்தினார். அங்கே பன்னிரண்டு ஆண்டு, திருச்சிராப்பள்ளியில் பதினாறு ஆண்டு, தஞ்சையில் இருபது ஆண்டு என வாழ்நாளைக் கழித்தார். மணம் செய்துகொள்ளவில்லை, தாயகத்திற்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. திருச்சியில் பழைய கட்டடம் ஒன்றின் சிற்றறையே அவர் இல்லம். சோறும் கறியுமே உணவு. தமிழோடு மராத்தியும் பாரசீகமும் இந்துசுத்தானியும் கற்றார். அரண்மனையில் அரசனோடு அவன் மொழியிலேயே பேசுவதற்கு இது துணையாயிற்று.

1779-இல் சென்னைக் கும்பினியார் அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பினர். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் வழிச்செலவுக்கென அளித்த முந்நூறு ரூபாயை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுக்கவே, அப்பணம் தஞ்சையில் ஏதிலிப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாயிற்று. தூது பயன்படவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. ஆயினும் ஐதரின் படைகளுக்கிடையே இவர் மட்டும் தடையின்றிச் சென்றுவர இசைவு பெற்றிருந்தார்.

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிய, வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஏற்றிவர மாடுகள் இல்லை. முன்பு கொடுத்த மாட்டுக்கும் நெல்லுக்கும் விலை பெறாத குடியானவர்கள் அரசன் ஆணையையும் கும்பினியார் வாக்கையும் நம்ப மறுத்தனர். ஐயர் தாமே விலைக்குப் பொறுப்பேற்பதாக எழுதியனுப்பினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறித்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாது நாட்டுப்புறம் சென்று, 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தனர். இவர்களையும் வரலாறு மறவாதிருக்க வேண்டும். பின்னர் வரிக்கொடுமையால் ஊரை விட்டோடிய உழவர்கள், ஐயர் உறுதி கூறவே, ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினர்.

இவரைக் கும்பினியின் கையாள் எனக் கூறுவாரும் உண்டு. அவர் கும்பினிப் படையினர்க்குக் குருவாகப் பணியாற்றி ஊதியம் பெற்றார்; அரசியலிலும் தலையிட்டார். இதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் வெறும் கையாளின் சொல்லுக்கு உழவன் தன் ஏர்மாட்டை அவிழ்த்துக் கொடுத்திருப்பானா? ஆண்டுக்கொரு முறை வந்து போகும் அதிகாரிக்குக் கிடைக்காத ஒன்று, பல்லாண்டு அதே தெருவில் நடந்தவருக்குக் கிடைத்தது.

ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி இன்னொன்று. கிறித்தவப் பாவலர் வேதநாயக சாத்திரியார் சிறுவராயிருந்தபோது ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டவர். 1787-இல் துளசா மன்னர் தம் சுவீகார மைந்தன் சரபோசியை இவர் பொறுப்பில் விட்டு மறைந்தார். இளவரசனுக்கு ஊறு நேருமென அஞ்சிய ஐயர் 1793-இல் அவனைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருவளமாக்கிய அரசர் அவரே.

1798 பிப்பிரவரி 13-ஆம் நாள் ஐயர் தஞ்சையில் காலமானார். அதே ஆண்டில் அரியணை ஏறிய சரபோசி, பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார். படுக்கையில் கிடக்கும் குருவின் கையை மன்னர் பற்றி நிற்பதாக அதில் செதுக்கப்பட்டுள்ளது. சரபோசி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார்.