பழைய டீசல் பிக்கப்பில் மின்னேற்றக் கோளாறு (சிங்கப்பூர்)

எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குப் போதிய மின்சாரம் ஏற்றாமல் விடுவதும், அளவுக்கு மீறி ஏற்றுவதும் மின்னேற்றக் கோளாறு எனப்படும். மூத்த மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை இன்றும் டைனமோ என்றே அழைப்பார்கள்.

சிங்கப்பூரில் சரக்கு வண்டிகளின் ஆயுள் வரம்பு 20 ஆண்டு. 1990 முதல் நடைமுறையிலுள்ள சிஓஇ உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்கே செல்லும். அதன் பிறகு சான்றிதழைப் புதுப்பித்து அதே வண்டியை ஓட்டுபவர்கள் உண்டு. பத்து வயது கடந்த சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் வண்டியைக் கவனிப்பது உரிமையாளரின் பொறுப்பு. இத்தகைய வண்டிகளின் பின்தட்டில் தொழிலாளர்களும் உட்கார்ந்து போவதால், மின்னேற்றக் கோளாறை வெறும் பேட்டரிச் செலவாக நினைக்கக் கூடாது.

ஊரின் வெப்பமும் ஓட்டத்தின் தன்மையும் பேட்டரிக்குப் பகை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியுமுன் காய்கறி ஏற்றித் தேக்கா சந்தையில் இறக்கும் வண்டி, பிறகு சிராங்கூன் சாலைப் பக்கம் கடைக்குக் கடை நின்று நின்று போகும். நிறுத்தும் இடமெல்லாம் மறுபடி ஸ்டார்ட். டீசல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தை, அடுத்த தெரு வரை ஓடும் ஓட்டம் திருப்பித் தராது. டிசம்பர் மழையில் வைப்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்துகொள்ளும்.

காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் பலரும் முதலில் புதுப் பேட்டரி வாங்குகிறார்கள். இது தவறான வரிசை. முதலில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்த 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் பெல்ட், ஃபியூஸ், ஒயர், ஆல்டர்னேட்டர் என்ற வரிசையில் சோதிக்கலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மீதுதான் சந்தேகம். பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றுவதும் அதற்கு அடையாளம். அளவு சரியாக இருந்தும் இரவில் சார்ஜ் இறங்கினால், வண்டி நின்ற பிறகும் மின்சாரம் குடிக்கும் டாஷ் கேமரா போன்ற துணைக்கருவிகளைத் தேட வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் பேட்டரி விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைத் தூண்டும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. டெர்மினலில் பூத்த வெண்பொடியும் சேசிஸில் துருப்பிடித்த எர்த் இணைப்பும் நல்ல ஆல்டர்னேட்டரைக்கூடக் கெட்டதாகக் காட்டும். எமரி தாளால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கம் அபாயமானது. அப்போது எழும் மின் அழுத்தம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் சுட்டுவிடும். கட்டுமானத் தளத்தில் நிற்கும் 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் பிக்கப்புக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.

டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பழைய டீசல் பிக்கப்புகள் சிலவற்றில் தனிக் கவனம் வேண்டிய பாகம் ஒன்று உண்டு. பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் வேக்கம் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே, அதே அச்சில் சுழலும். எஞ்சின் ஆயில்தான் அதற்கு மசகு. நடுவிலுள்ள சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசியும்; கார்பன் பிரஷ் ஊறி, ஸ்லிப் ரிங் கறுத்து, சார்ஜ் இறங்கும். ஆல்டர்னேட்டரின் பின்மூடி கறுப்புப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். சீலை மாற்றாமல் பிரஷ் மட்டும் மாற்றினால் கோளாறு திரும்ப வரும்.

மாற்று ஆல்டர்னேட்டரைப் பொருத்தும்போது ஆயில் குழாயும் வேக்கம் குழாயும் இணைக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். ஆயில் வராத பம்பு இறுகிப்போகும், பிரேக் கல்லாகிவிடும். அதனால் வேலை முடிந்ததும், ஆட்களை ஏற்றுமுன், எஞ்சினை நிறுத்திப் பெடலைக் கடினமாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.