பத்து வயதுக்காரரின் பாஸ்புக்

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பிரான்சுவா லோரான் என்றொரு சட்டப் பேராசிரியர் இருந்தார். சிவில் சட்டத்தைப் பற்றி மட்டும் 33 தொகுதிகள் எழுதியவர். 1866-ல் அவர் இழுத்துப்போட்டுக்கொண்ட வேலைக்கும் அந்தத் தொகுதிகளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் சில்லறை சேர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கென்ட் அப்போது பஞ்சாலை நகரம். சேமிப்பு வங்கி என்ற ஏற்பாடு ஐரோப்பாவுக்குப் புதிதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1778-லேயே ஒன்று தொடங்கிவிட்டது. ஆனால் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒற்றைச் செப்புக் காசை எடுத்துக்கொண்டு எந்த வங்கிக் கவுன்டரில் போய் நிற்க முடியும்? லோரான் கவுன்டரையே வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளை கொண்டுவரும் காசை ஆசிரியர் வாங்கி வரவு வைப்பார். சேர்ந்தது ஒரு பிராங்க் ஆனதும், அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த அரசுச் சேமிப்பு வங்கியில் கணக்கு திறக்கப்படும். பாஸ்புக்கில் இருப்பது அப்பாவின் பெயரல்ல, பிள்ளையின் பெயர். திட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

பிரிட்டனில் இதே சிக்கலை அஞ்சல் துறை வேறு விதமாக அவிழ்த்தது. அங்கே அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1861-ல் வந்தது. ஏழு வயது நிரம்பிய குழந்தை தானே பணம் போடலாம், எடுக்கலாம். ஆனால் குறைந்தபட்சம் ஒரு ஷில்லிங் வேண்டும். அதாவது பன்னிரண்டு பென்னி. பன்னிரண்டாவது பென்னி சேரும்வரை முதல் பதினொன்று மிட்டாய்க் கடையைத் தாண்டி வீடு வர வேண்டுமே! பின்னாளில் அஞ்சல் துறைத் தலைவராக வந்தவர் ஹென்றி ஃபாசெட், இளவயதில் வேட்டை விபத்தில் இரு கண்களையும் இழந்தவர். 1880-ல் அவர் கொண்டுவந்தது வெறும் ஒரு தாள், அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒரு பென்னி கிடைக்கும்போதெல்லாம் ஒரு தபால்தலை வாங்கி ஒட்டிக்கொண்டே வரலாம். தாள் நிறைந்தால் அஞ்சலகம் அதை ஒரு ஷில்லிங்காக வரவு வைத்துக்கொள்ளும். ஒட்டிய தலையைக் கொடுத்து மிட்டாய் வாங்க முடியாது.

அமெரிக்காவுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனவரும் ஒரு பெல்ஜியர்தான். அங்கே குடியேறிய ஜான் ஹென்றி தீரி, 1885-ல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் சிட்டிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். திங்கட்கிழமை காலை வருகைப் பதிவோடு காசும் வசூலாகும். சாரா லூயிசா ஓபர்ஹோல்ட்ஸர் என்ற பெண்மணி மதுவிலக்கு இயக்கத்தின் வழியாக அதை மாநிலம் மாநிலமாகப் பரப்பினார். குடிக்குப் போகும் காசு கணக்குக்கு வரட்டும் என்பது அந்த இயக்கத்தின் எண்ணம்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. திங்கட்கிழமை காலையில் பிள்ளை அம்மாவிடம் கை நீட்டும். அம்மா கொடுத்த காசு அப்படியே ஆசிரியர் கைக்குப் போகும். வகுப்பில் எல்லோரும் கட்டும்போது தான் மட்டும் வெறுங்கையோடு நிற்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? பணம் சேர்ந்தது உண்மை. சேமித்தது பிள்ளையா, அம்மாவா? வேண்டும் என்று நினைத்த ஒன்றை விட்டுக்கொடுத்து மிச்சம்பிடித்தால்தானே அது சேமிப்பு! வெறும் வசூல் தொகையைக் காட்டி வெற்றி என்று சொல்லிக்கொள்வதை அதனால்தான் அப்படியே ஏற்க முடிவதில்லை.

இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. பள்ளிக்குள் சேமிப்பு வந்த கதையில் நம்மவர்களுக்கு நினைவிருக்கும் பெயர் சஞ்சாயிகா. தேசியச் சேமிப்பு அமைப்பின் ஊக்கத்தில் நடந்த பள்ளிச் சேமிப்பு வங்கி அது. செப்டம்பர் 15 சஞ்சாயிகா நாள். கென்ட் நகரில் ஆசிரியர் எழுதிய கணக்கை இங்கே மாணவர்களே எழுதினார்கள். ஆசிரியர் மேற்பார்வைதான். ஒன்பதாம் வகுப்புப் பையனோ பெண்ணோ பேரேட்டைத் திறந்து, சக மாணவர் நீட்டிய ஒரு ரூபாயை வாங்கி, வரவு எழுதி, அவரது பாஸ்புக்கிலும் பதிந்து, கடைசியில் பெட்டியில் இருக்கும் ரொக்கமும் ஏட்டில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகிறதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். எட்டணா குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து கூட்டல். பணம் கட்டிய பிள்ளையைவிடக் கணக்கு எழுதிய பிள்ளைதான் அதிகம் கற்றிருக்கும்.

மிலான் நகரில் 1924-ல் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு அக்டோபர் 31-ஐ உலக சிக்கன நாளாக அறிவித்தது. இந்தியாவில் அது அக்டோபர் 30. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அன்றைக்குக் கட்டுரைப் போட்டி நடக்கும், பேச்சுப் போட்டி நடக்கும். எறும்பும் தேனீயும் தவறாமல் வரும், பேரேடுதான் வருவதில்லை.

பிள்ளைகள் தாங்களே கணக்கு நடத்துவது பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை விட்டது. பத்து வயது நிரம்பிய சிறார், வங்கி வரையறுக்கும் தொகைக்குள், சேமிப்புக் கணக்கையும் வைப்புக் கணக்கையும் தாங்களே திறந்து நடத்தலாம். வங்கி விரும்பினால் ஏடிஎம் அட்டையும் காசோலைப் புத்தகமும் தரலாம். கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க மட்டும் விடக் கூடாது. பத்து என்ற வயது புதிதல்ல: 1911-ல் தொடங்கிய அமெரிக்க அஞ்சல் சேமிப்பு வங்கியும் பத்து வயதுக்காரருக்குத் தனிக் கணக்கு கொடுத்தது.

தமிழ்நாட்டில் 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போனவர்களின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் வருகிறது. திங்கட்கிழமைக் காசைப் போல அம்மா கையிலிருந்து வருவதல்ல இது. பேருந்துக்கு எவ்வளவு, புத்தகத்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பதினெட்டு வயதில் அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.