ஆறு எட்டாக மாறிய கதை

ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ-யில் கலரில் ஸ்கேன் செய்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? அகலத்தில் 2480 புள்ளி, உயரத்தில் 3508 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். பெருக்கிப் பாருங்கள், சுமார் 26 மெகாபைட். ஒரே ஒரு பக்கத்துக்கு! நூறு பக்க ஃபைல் என்றால் இரண்டரை ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். ஆனால் நம் கைக்கு வரும் பிடிஎஃப் சில எம்பிதான் இருக்கிறது. மீதியெல்லாம் எங்கே போனது?

இந்தக் கேள்வி ஃபேக்ஸ் காலத்திலேயே வந்துவிட்டது. 1980-ல் தரப்படுத்தப்பட்ட குரூப் 3 ஃபேக்ஸ் முறையில், "வெள்ளை, வெள்ளை, வெள்ளை..." என்று ஒவ்வொரு புள்ளியாக அனுப்பாமல், "இத்தனை வெள்ளை, பிறகு இத்தனை கறுப்பு" என்று எண்ணிக்கையை மட்டும் அனுப்பினார்கள். எதுவும் தொலையாது, அந்தப் பக்கம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

போட்டோவுக்கு இது உதவாது. அதற்கு வந்தது 1992-ன் ஜேபெக். அதன் அடியில் இருக்கும் கணிதம் 1974-ல் நசீர் அகமது, நடராஜன், கே.ஆர்.ராவ் என்ற மூவர் வெளியிட்டது. (ராவ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். தினமும் போட்டோ அனுப்பும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?) ஜேபெக், கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களை வீசிவிடும். ரொம்ப அழுத்தினால் படம் மங்கி, கட்டம் கட்டமாகத் தெரியும். கெட்டுப்போனது பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 2000-ல் வந்தது ஜேபிக்-2. கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கானது. 2001-ல் பிடிஎஃப் 1.4-லும் சேர்ந்துவிட்டது. யோசனை உண்மையிலேயே அபாரம். ஒரு பக்கத்தில் நூறு "க" இருந்தால் எதற்கு நூறு படம்? ஒரு "க"-வின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் "இங்கேயும் அதே" என்று குறித்தால் போதுமே! அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பது போலத்தான்.

சிக்கல் "அதே" என்ற சொல்லில் இருக்கிறது. இரண்டு உருவங்கள் ஒன்றுதானா என்று முடிவு செய்வது மென்பொருள். சின்ன எழுத்தில் அச்சான 6-ம் 8-ம் அதற்கு ஒன்றாகத் தெரிந்தால்?

அதுதான் நடந்தது. 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி வல்லுநர், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் எடுத்த ஒரு கட்டட வரைபடத்தைப் பார்த்தார். அசலில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலிலோ மூன்றுமே 14.13! அறைகளின் அளவு கண்ணுக்கே வித்தியாசமாகத் தெரிந்ததால் பிடிபட்டது. எழுத்தைப் படித்து மாற்றும் ஓசிஆர் வேலையாக இருக்குமோ என்றால், அதுவும் இல்லை. வெறும் படமாக எடுத்த ஸ்கேன் அது. எண்கள் மங்கவில்லை, பளிச்சென்று அச்சடித்த மாதிரியே இருந்தன. ஒரு செலவுப் பட்டியலை ஸ்கேன் செய்து பார்த்தபோது 6 இருந்த இடத்தில் 8 வந்தது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதன் பயங்கரம் சட்டென்று புரியும். மங்கலான வவுச்சரை ஆடிட்டர் திருப்பி அனுப்புவார். தெளிவாக இருக்கும் தப்பான வவுச்சரை டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். கட்டட வரைபடமோ மருந்தின் அளவோ என்றால் கணக்கோடு முடியாது.

கிரீசல் ஆகஸ்ட் 2013-ல் தன் தளத்தில் இதை வெளியிட்டார். குறைந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து மாறலாம் என்று ஏற்கெனவே எச்சரித்திருக்கிறோமே என்பது போல ஜெராக்ஸிடமிருந்து முதலில் பதில் வந்தது. அது ஓரளவு உண்மைதான், அப்படி ஒரு குறிப்பு அமைப்புப் பக்கத்தில் இருந்தது. ஆனால் காப்பி எடுக்க வரிசையில் நிற்பவர் அதையா படிப்பார்? மேலும், உயர்ந்த தரத்திலும் எண் மாறுவதை கிரீசல் செய்து காட்டினார். பிறகுதான் மென்பொருளில் பிழை இருப்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டு அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டது.

ஜேபிக்-2 மீது முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. எதையும் இழக்காமல் சுருக்கும் வழியும் அதே தரத்தில் இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் 2015-ல் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், அசலுக்குப் பதிலாக வைக்கும் ஸ்கேன்களில் ஜேபிக்-2 கூடாது என்று சொல்லிவிட்டது.

திருத்தம் போட்ட இயந்திரம் அடுத்த தாளைச் சரியாக எடுக்கும். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாக எடுத்த ஸ்கேன்களில் எந்த 8 உண்மையில் 6 என்று ஃபைலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த 6-ன் படம் ஃபைலுக்குள் போகவே இல்லை. தாளைத் தேடி எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று தாளைக் கிழித்துப் போட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை.