எறிந்த பலகையில் எழுந்த வீடு

வீட்டுக்கு வந்தவரை நாம் 'வாருங்கள்' என்கிறோம். அடுத்த வார்த்தை 'உட்காருங்கள்' என்பது. காப்பியெல்லாம் அதற்கு அப்புறந்தான். இந்த இரண்டாவது வார்த்தையைச் சொல்வதற்கு வீட்டில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். திண்ணையோ, ஊஞ்சலோ, மணையோ, ஒரு பழைய பாயோ, எதுவானாலும் சரி. அதுகூட இல்லாத இடத்தைக் கொட்டகை என்போம். வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படிப்பட்ட கொட்டகைகளில் சுமார் 1,20,000 பேரைக் கொண்டுபோய் அடைத்து வைத்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அந்தக் கொட்டகைகளை அவர்கள் எதைக் கொண்டு வீடாக்கினார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். விலை கொடுத்து வாங்கிய மரத்தைக் கொண்டல்ல; பிறர் வேண்டாம் என்று வீசியெறிந்த துண்டுப் பலகைகளைக் கொண்டுதான்.

1941-ஆம் வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அமெரிக்கா போரில் இறங்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண்ணுள்ள உத்தரவில் கையெழுத்திட்டார். குறிப்பிட்ட பிரதேசங்களிலிருந்து யாரை வேண்டுமானாலும் ராணுவம் வெளியேற்றலாம் என்பது அதன் சாரம். உத்தரவில் 'ஜப்பானியர்' என்ற சொல் எங்குமே கிடையாது. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் அனைவரும், பச்சைக் குழந்தை முதல் பல்லுப்போன கிழவர் வரை, வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று.

இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த அமெரிக்கப் பிரஜைகள். மீதிப் பேர் பெரும்பாலும் அவர்களுடைய பெற்றோர்கள். பல பத்தாண்டுகள் அங்கேயே உழுது, மீன் பிடித்து, கடை வைத்துப் பிழைத்திருந்தும், அவர்கள் பிரஜைகளாக முடியாதபடி சட்டம் தடுத்து வைத்திருந்தது. அந்தத் தடை 1952-இல்தான் நீங்கியது. பிரஜையாக விடாதது ஒரு கை, 'நீங்கள் அந்நியர்கள்தானே!' என்று பிடரியைப் பிடித்துத் தள்ளியது அதே உடம்பின் இன்னொரு கை.

கையால் தூக்கிச் செல்லக்கூடியதை மட்டுமே கொண்டுபோகலாம் என்று கட்டளை. கட்டிலையும் மேஜையையும் யார் கையால் தூக்குவது? வந்த விலைக்கு விற்றார்கள். அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்தார்கள். விற்க முடியாததை விட்டுவிட்டு நடந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதை அட்டையில் எழுதி மூட்டையிலும் சட்டைப் பித்தானிலும் கட்டிவிட்டார்கள். முதற்சில மாதங்கள் பலருக்குக் குதிரைப் பந்தய மைதானங்களில் கழிந்தன. சான்டா அனிடா, டான்ஃபோரான் என்ற மைதானங்களில் குதிரை கட்டிய லாயங்களையே கழுவி வெள்ளையடித்து மனிதர்களைக் குடிவைத்தார்கள். வெள்ளையடித்தால் சுவர் மறையும், நாற்றம் மறையுமா? பிறகு, பாலைநிலங்களிலும் சதுப்பு நிலங்களிலுமாகக் கட்டிய பத்து முகாம்களுக்கு அவர்களை ரயிலேற்றினார்கள்.

அந்தப் பத்தில் ஒன்று மினிடோகா. ஐடஹோ மாகாணத்தில், புதர் மண்டிய வறண்ட சமவெளியில் இருந்தது. அவசரம் அவசரமாகப் பலகை அடித்து, மேலே தார்க் காகிதம் ஒட்டிய நீளக் கொட்டகைகள். குடும்பத்துக்கு ஓர் அறை. அறைக்குள் இரும்புக் கட்டில்கள், ஓர் அடுப்பு, உத்தரத்திலிருந்து தொங்கும் ஒற்றை மின்விளக்கு. அவ்வளவுதான். நாற்காலி கிடையாது, மேஜை கிடையாது, துணி வைக்க ஒரு பலகைத் தட்டுக்கூடக் கிடையாது. மரமோ காயாத பச்சை மரம். பச்சை மரத்தில் கதவு போட்ட நம் ஊர்க்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. வெயிலில் பலகை சுருங்கச் சுருங்க இடுக்குகள் அகன்றன. அவற்றின் வழியே புழுதி உள்ளே புகுந்து படுக்கையில் படிந்தது.

முகாம் முழுவதும் கட்டி முடிவதற்கு முன்பே ஜனங்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அங்கங்கே கழிவுப் பலகைகள் குவிந்து கிடந்தன. நுனி வெட்டிய துண்டுகள், கணு விழுந்து ஒதுக்கியவை, கோணல் மாணலானவை. முதலில் சில கிழவர்கள்தான் துணிந்தார்கள். இருட்டிய பிறகு போய்ச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே பிள்ளைகள் போனார்கள். சில இடங்களில் காவற்காரர்கள் விரட்டினார்கள். சில இடங்களில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பொதுச் சமையற்கூடத்துக்குக் காய்கறியும் பழமும் வந்த கள்ளிப்பெட்டிகளுக்கு அடிதடிப் போட்டி. பெட்டியைப் பிரித்துப் பலகையை எடுத்துக்கொண்டு, வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினார்கள். கருவிகளுக்குப் பஞ்சம். கிடைத்த இரும்புத் துண்டைத் தீட்டி உளியாக்கினார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் தச்சர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டக்காரர், சலவைக்காரர், காய்கறி பயிரிட்டவர், மீன் பிடித்தவர். வாழ்நாளில் இழைப்புளியைத் தொடாதவர்கள் ஸ்டூல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். முதலில் உட்கார ஒரு பலகை, பிறகு மேஜை, பிறகு, உடை மாற்றுவதற்கு ஒரு தடுப்பு. வயது வந்த பெண்ணும் மாமனாரும் ஒரே அறையில் இருக்கும்போது அந்தத் தடுப்பு எவ்வளவு பெரிய செல்வம் என்று பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் கதை எழுதுகிறவன். ஆகையால் இந்தச் சாமான்களில் என் மனம் அதிகம் நிற்பது மேஜையிடந்தான். முகாமில் சாப்பாடு பொதுக் கூடத்தில். நூற்றுக்கணக்கானவர்கள் மணியோசை கேட்டு வரிசையில் நிற்பார்கள். சில வாரங்களுக்குள் பிள்ளைகள் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்; தாய் சிறுசுகளோடு ஒரு மூலையில்; தகப்பனார் வேறொரு மூலையில். சம்பாதித்துப் போடும் உரிமை தகப்பனிடமிருந்து போயிற்று. முகாமில் வேலைக்குக் கூலி மாதத்துக்கு அதிகபட்சம் 19 டாலர். மகனை அதட்டும் உரிமையும் மெல்ல மெல்லப் போயிற்று. அப்படிப்பட்ட ஒரு மனிதர் இரவெல்லாம் கள்ளிப்பலகையை இழைத்து, நான்கு பேர் சுற்றி உட்காரும்படி ஒரு மேஜை செய்கிறார் என்றால், அவர் செய்தது வெறும் மேஜையா? கலைந்துபோன ஒரு குடும்பத்தை அவர் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார்.

மினிடோகாவுக்கு வந்த குடும்பங்களில் ஒன்று நகாஷிமா குடும்பம். கணவர் ஜார்ஜ், மனைவி மேரியன், கைக்குழந்தை மீரா. ஜார்ஜ் நகாஷிமா 1905-இல் அமெரிக்காவில் ஸ்போகேன் நகரில் பிறந்தவர். கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவர். டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். அந்த வேலைதான் அவரை நம்முடைய பக்கத்துக்குக் கொண்டுவந்தது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தாசிரமத்துக்காக ரேமண்ட் வரைந்த 'கோல்கொண்டே' என்ற விடுதியைக் கட்டும் பொறுப்போடு அவர் வந்தார். 1939 வரை புதுச்சேரியில் இருந்து, ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அரவிந்தர் அவருக்கு இட்ட பெயர் சுந்தரானந்தன். அழகில் ஆனந்தம் காண்பவன்.

புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தத் தெரு வழியாக ஒரு முறை நடப்பது வழக்கம். வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் அந்த வரிசை வரிசையான கான்கிரீட் மடல்களைப் பார்க்கும்போது, இதைக் கட்டிய கைகள் மூன்றே வருஷத்தில் தார்க் காகிதக் கொட்டகையின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தன என்ற நினைவு வராமல் இருப்பதில்லை.

மினிடோகாவில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். கென்டாரோ ஹிகோகாவா என்று பெயர். ஜப்பானில் முறையாகத் தொழில் பயின்ற தச்சர். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர், அந்தத் தச்சரிடம் கைக்கருவிகளின் நுணுக்கத்தையும், கழுந்தும் துளையும் இழை பிசகாமல் பொருந்தும் வித்தையையும் கற்றுக்கொண்டார். கொட்டகை அறைகளை மனிதர் வாழத் தக்கவையாக்குவதற்குத் துண்டுப் பலகைகளையும் அந்தப் பாலையில் முளைத்த புதர்க்கட்டைகளையும் இருவரும் பயன்படுத்தினார்கள். நல்ல தேக்குக் கிடைத்திருந்தால் எந்தத் தச்சனும் நல்ல மேஜை செய்துவிடுவான். கணு விழுந்த பலகையில் கணுவை எங்கே வைப்பது, வெடித்த கட்டையில் வெடிப்பை என்ன செய்வது என்பதைப் பஞ்சந்தான் கற்றுக்கொடுக்கும்.

1943-இல் பழைய எஜமானர் ரேமண்ட் பொறுப்பேற்றுக்கொண்டதனால் அந்தக் குடும்பம் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் ரேமண்டின் பண்ணையில் கோழி வளர்த்தார் நகாஷிமா. பிறகு சொந்தப் பட்டறை. கையில் காசில்லை, மரக்கடைக்காரர்கள் கழித்துப் போட்ட பலகைகளையே வாங்கினார். ஓரம் சீவாதவை, விரிசல் கண்டவை. ஓரத்தை மரத்தின் வடிவப்படியே விட்டார். விரிசலை மெழுகு பூசி மறைக்காமல், அது மேலும் ஓடாதபடி குறுக்கே உடுக்கை வடிவத்தில் ஒரு துண்டு மரத்தைப் பதித்தார். அந்த உடுக்கைத் துண்டே நாளடைவில் அவருடைய முத்திரையாயிற்று. செல்வந்தர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1990-இல் அவர் காலமான பிறகு பட்டறையை ஏற்று நடத்தியவர், மினிடோகாவில் கைக்குழந்தையாக இருந்த அதே மீராதான்.

இப்படிச் சொல்லி முடித்தால் கதை இனிக்கிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'சிறை வைத்ததும் நல்லதுக்குத்தானே! இல்லாவிட்டால் இவ்வளவு அழகு பிறந்திருக்குமா?' என்று யாராவது கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்கு அந்த ஜனங்களே 2015-இல் பதில் சொல்லிவிட்டார்கள்.

போர் முடிகிற சமயத்தில் ஆலன் ஈட்டன் என்ற கைவினை அறிஞர் முகாம்களில் செய்த பொருள்களைத் திரட்டினார். விலைக்குக் கேட்டபோது பலர் பணம் வாங்க மறுத்து அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். நாட்டு மக்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே அவர்கள் எண்ணம். 1952-இல் ஈட்டன் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர், உத்தரவில் கையெழுத்திட்ட ரூஸ்வெல்டின் மனைவி எலினார். ஈட்டன் மறைந்தபின் பொருள்கள் கை மாறி, 2015-இல் ஏலத்துக்கு வந்தன. ஏலக்கடை இருந்த ஊர் நியூ ஹோப்புக்கு நேர் எதிர்க்கரை! சுமார் 450 பொருள்கள். செய்தி பரவியதும் முகாம்களில் இருந்தவர்களும் அவர்கள் மக்களும் கொதித்தெழுந்தார்கள். 'எங்கள் தாத்தா விற்கச் செய்யவில்லை. விலைக்கும் கொடுக்கவில்லை' என்பதே அவர்கள் வாதம். ஏலம் நின்றது. பொருள்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்கத் தேசியக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்த வாதத்தின் நியாயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அந்தப் பலகையின் அழகு, அடைத்து வைத்தவர்கள் கொடுத்த கொடை அல்ல. அவர்கள் கொடுத்தது கழிவு. அழகு, அடைபட்டவர்கள் தங்கள் வாழ்விலிருந்து கொண்டுவந்து அதில் சேர்த்தது. இழந்த வீட்டுக்கும் வயலுக்கும் அதை ஈடாகக் கணக்கில் வைத்தால், ஒரே மனிதரிடம் இரண்டு முறை பறித்ததாகும். அரசாங்கமும் கடைசியில் அப்படிக் கணக்குப் போடவில்லை. 1988 ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தின் வழியாக மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் வழங்க முன்வந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் அந்த மேஜைகளைச் செய்த தகப்பன்மார்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

முகாம் கொட்டகைகள் என்ன ஆயின? 1945 அக்டோபரில் மினிடோகா மூடப்பட்டது. நிலத்தைப் பங்கிட்டு, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். கூடவே கொட்டகைகளையும் கொடுத்தார்கள். அவர்கள் அவற்றை அறுத்து, இழுத்துப் போய், பண்ணை வீடாகவும் தானியக் களஞ்சியமாகவும் மாற்றிக்கொண்டார்கள். சுருங்கி இடுக்கு விட்ட அந்தப் பச்சைப் பலகை, மூன்று வருஷத்தில் நன்றாகக் காய்ந்திருக்கும். அதில் வேறொரு குடும்பம் குடியேறியது.

நகாஷிமா தம் கடைசிக் காலத்தில் மிகப் பெரிய மரங்களின் அடிக்கட்டைகளைப் பிளந்து, சமாதானத்துக்கென்று பெரிய மேஜைகள் செய்து கண்டந்தோறும் ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதலாவது நியூயார்க்கில் ஒரு தேவாலயத்துக்குப் போயிற்று. அவர் காலமாகி ஆறு வருஷம் கழித்து, 1996-இல், ஆசியாவுக்கென்று குடும்பப் பட்டறையில் செய்த மேஜை புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லுக்கு வந்தது. ஆசியாவில் இத்தனை ஊர்கள் இருக்க, சுந்தரானந்தனின் மேஜை வந்து சேர்ந்தது அவர் பெயர் பெற்ற ஊரின் பக்கத்துக்குத்தான். ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் கேட்டுப் போய்ப் பார்க்கலாம்.