பழைய வேடமும் புதிய சொல்லும்

வள்ளி என்னும் குறமகள் இன்று நேற்றுப் பிறந்தவள் அல்லள். நற்றிணையும் பரிபாடலும் அவளை அறியும். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் அவள் திருமணத்தை விரித்துரைத்தார். தத்தம் காலத்திற்கேற்ப அவளைப் பேசவைத்தோர் பலர். அவருள் நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியே ஈண்டுக் கூற முற்படுகிறோம். அவர்கள் 'ஸ்பெஷல் நாடக' நடிகர்கள்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களை இயற்றினார். 1918-இல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற கம்பெனிகளில் ஆசிரியர் உண்டு, ஒத்திகை உண்டு, கண்டிப்பும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்திலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், நாரதரும் பபூனும் மற்றும் பல ஊர்களிலிருந்தும் தனித்தனியே அமர்த்தப்பட்டு வந்து சேர்வர். அன்றிரவு மேடையிலேயே ஒருவரையொருவர் முதன்முதலாகக் காண்பதும் உண்டு. கதையும், காட்சி வரிசையும், சுவாமிகளின் பாட்டுகளும் எல்லோர்க்கும் மனப்பாடம். இடைப்பட்ட உரையாடல் மட்டும் அங்கேயே பிறந்தாக வேண்டும்.

தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கத்தையே எடுத்துக்கொள்வோம். நாரதர் எதைக் கேட்பார் என்பதை வள்ளி முன்னறியாள். வள்ளி எவ்வாறு மடக்குவாள் என்பதை நாரதரும் அறியார். திடலில் அமர்ந்திருக்கும் ஊராரோ அக்கதையைப் பன்முறை கண்டவர்கள். சிறு தடுமாற்றமும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. ஆயினும் வாதம் எத்துணைத் தொலைவு சென்றாலும், விடிவதற்குள் வேலன் வந்து வள்ளியை மணந்தே தீரவேண்டும். எதிரில் நிற்பவரை மடக்கலாம், கதையை மடக்கலாகாது. எழுதப்படாத இவ்வொழுங்கு இல்லையேல் அந்த ஓரிரவுக் கூட்டு முயற்சி அரை மணி நேரமும் தாங்காது என்பது எம் கருத்து. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் புகழ்பெற்றதும் இவ்வகை மேடைகளிலேதான்.

இவ்வாறு பிறக்கும் சொல்லுக்கு ஏடு இல்லை. அது குறையென்று கருதுவார் உளர். ஆனால் ஒரு காலத்தில் அதுவே வலிமையாயிற்று. வங்காளத்து மேடைகளின் மீது கொண்ட சினத்தால் அன்னிய அரசு 1876-இல் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாடகத்தைத் தடைசெய்ய அச்சட்டம் இடம் தந்தது. கோப்புகளோடு வாழும் எம்போன்றோர்க்கு அதன் இடர்ப்பாடு எளிதில் விளங்கும். தாளில் இருப்பது வள்ளி திருமணம்; அதைத் தடுப்பானேன்? தாளில் இல்லாததன்றோ அரசைச் சுட்டது!

சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாத தாஸ் இவ்விடைவெளியைக் கண்டுகொண்டவர். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி பழையது. ஆலோலப் பாட்டும் பழையது. அதில் மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய வெள்ளைக் கொக்குப் பாட்டு நுழைந்தது. தினையைத் தின்ன வந்த கொக்கு யார் என்பதைத் திடலில் இருந்த பாமரரும் அறிந்தனர், காவலரும் அறிந்தனர். கதையில் ஒன்றும் மாறவில்லை. வேலன் வேலனாகவே நின்றான், புனமும் புனமாகவே இருந்தது. ஆயினும் தாஸ் பலமுறை சிறை புகுந்தார்.

சிறை மட்டுமா? நாவிதர் எனப்பட்ட மருத்துவர் குலத்தில் அவர் பிறந்தமையால் அவருடன் இணைந்து நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். முருகனாக நின்றவரிடமும் குலம் கேட்டது அக்காலம். புதிய சொல்லை ஏற்ற மேடை, அதைச் சொன்ன மனிதரை முழுதும் ஏற்கத் தயங்கியது. இதனை மறைத்து அக்கலையைப் போற்றுவது முறையன்று. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமண நாடகத்தில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் நீக்கப்பட்டது. வள்ளி திருமணம் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடந்துவருகிறது.