துளையை மாற்றினால் துப்பாக்கி மாறுமா?



என்னிடம் படித்து, இப்போது லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், பழைய மிலிட்டரி ரிவால்வருக்குத் தோட்டா கிடைக்கலேன்னா, கிடைக்கிற தோட்டாவுக்குத் தக்கபடி அறையைக் கடைஞ்சுக்கலாமாம். வீடியோவில் பார்த்தேன். நிஜமா?" தொழில் தெரிந்தவருக்கு வரக்கூடிய கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்லாமல், சரித்திரத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். தோட்டா வெடிக்கும்போது அதன் அழுத்தம் முழுவதையும் தாங்குவது தோட்டா அறையைச் சுற்றியுள்ள இரும்பு. அந்த இரும்பு எந்தத் தோட்டாவை எண்ணிச் செய்யப்பட்டதோ, அதற்குத்தான் அது உத்தரவாதம்.

1857 சிப்பாய்ப் புரட்சி நமக்குத் தெரியும். கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நடந்தது பாடத்தில் இல்லை. இந்தியச் சிப்பாயின் கையில் தூரம் போய்க் குறி தவறாமல் தாக்கும் ரைபிள் இருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் முடிவு செய்தார்கள். என்ஃபீல்டு குழலின் உட்புறம் இருந்த சுருள் வரிகளைக் கடைந்து எடுத்து, வழவழப்பான பெரிய துளையாக்கிக் கொடுத்தார்கள். இது 1858 மாதிரி. துளை பெரிதானது, ஆனால் குழலின் வெளி அளவு அப்படியே இருந்தது. சுவர் மெலிந்து குழல்கள் சேதமாயின. மறுவருஷமே, 1859-இல், தடித்த குழலோடு வேறு மாதிரி செய்ய வேண்டியதாயிற்று.

இப்போது ரிவால்வருக்கு வருவோம். பிரிட்டிஷ் படையின் வெப்ளி ரிவால்வர் 1887-இல் வந்தது, தோட்டா.455. முதல் உலகப் போரில் வந்த ஆறாம் மாதிரி பலருக்கும் சினிமாவில் பழக்கமானது. போர்கள் முடிந்தபின் உபரியான வெப்ளிகள் அமெரிக்காவில் மலிவாக விற்கப்பட்டன. அங்கே .455 தோட்டா அரிது, அவர்களுடைய.45 கோல்ட் பிஸ்டல் தோட்டாவோ எங்கும் கிடைத்தது. ஆகவே சிலிண்டரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் சீவி, தகட்டுக் கிளிப்பில் .45 தோட்டாவைச் செருகும்படி செய்தார்கள். தோட்டா அழகாகப் பொருந்தியது. ஆனால் அதன் அழுத்தம் பழைய தோட்டாவின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சிலிண்டருக்கு அது தெரியாதா? சுட்டவுடன் தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின் .38 என்ஃபீல்டு, வெப்ளி ரிவால்வர்களுக்கும் இதே கதி. அவற்றின் தோட்டா குட்டையானது, கொஞ்சம் பருமனானது. அமெரிக்க .38 ஸ்பெஷல் நீளம், ஒல்லி. அறையை ஆழமாகக் கடைந்தால் நீளம் சரியாகும், பருமன் சரியாகாது. தளர்வான அறையில் தோட்டாவின் பித்தளைக் கூடு வீங்கி வெடிப்பு விடும்.

நம்ம திருவாதவூர் மாணிக்கவாசகர் கதைதான் நினைவுக்கு வருகிறது. நரிகள் பரிகளாகிப் பாண்டியன் லாயத்துக்கு வந்தன. பகலில் பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ராத்திரி ஆனதும் நரி நரியாகிவிட்டது. அங்கே அது சிவபெருமானின் திருவிளையாடல். பட்டறையில் அப்படி ஒரு விளையாட்டுக்கு இடமில்லை.

சரியாகச் செய்த உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில், பழைய .303 ரைபிளின் அமைப்பை 7.62 தோட்டாவுக்கு மாற்றினார்கள். பழைய துப்பாக்கியின் துளையை மட்டும் மாற்றி அனுப்பவில்லை. கூடுதல் அழுத்தத்துக்காக இரும்பையே உயர்ந்த ரகமாக்கிப் புதிதாகச் செய்தார்கள். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரும் வெப்ளியின் .38 மாதிரியைத் தழுவியதுதான். அங்கே பெரிய தோட்டாவுக்கான அமைப்பில் சிறிய தோட்டா. அதுவும் புதிதாகச் செய்தது.

ஏன் .32 என்று கேட்கலாம். அது சட்டம் போட்ட அளவு. படையின் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் ஏறக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் எண்ணம். 1907-இல் .450 தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை வந்தது. பழைய மார்ட்டினி ரைபிள்களுக்கு அவை உதவிவிடுமோ என்ற பயம். இங்கிலாந்துக் கம்பெனிகள் உடனே .470, .465 என்று புதுத் தோட்டாக்களைக் கொண்டுவந்தன. காவலர்களுக்கென்று .303 ரைபிளையே .410 துளையாகப் பெரிதாக்கி, மேகசினை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே குண்டு என்று ஆக்கியதும் இஷாப்பூரில் நடந்ததுதான். சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளும் படையின் .38, .455 தோட்டா ஏறும் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்த வகையில் வைத்தன.

ஆக, அறையைக் கடைவது இரும்பு வேலை மட்டுமல்ல. சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியின் வகையே மாறலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றுவதும், பழுது பார்ப்பதும்கூட, அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி குற்றம். "சும்மா கொஞ்சம் கடைஞ்சு குடுங்கண்ணே" என்று யாராவது கொண்டுவந்தால், கூலி எவ்வளவு சொன்னாலும் தொடாதே தம்பி. உனக்கு விரல் பத்தும் வேண்டும், பட்டறையும் வேண்டும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே வார்த்தை. உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அவர் இல்லையென்றால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, மற்றதைப் பிறகு பேசுங்கள்.